உட்காராத பயணி

பூவத்திலிருந்து காரைக்கால் செல்லும் காலைப் பேருந்தில், கம்பியைப் பிடித்து நின்ற ஐம்பது வயதுப் பெண்மணிக்கு என் முன்னிருக்கைப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்கக்கா."

"வேணாம்மா. உக்காந்தா எலும்பு தூங்கிடும்."

"என்னக்கா சொல்றீங்க?"

"போன வருசம் வரப்புல சறுக்கி விழுந்து காலு ஒடிஞ்சிது. எலும்புல வலுவே இல்லைன்னாரு டாக்டரு. மாத்திரையோட கேவுரு, முருங்கக்கீரை, முள்ளோட நெத்திலி எல்லாம் சாப்புடச் சொன்னாரு. நடக்கணும், நிக்கணும். பாரம் தாங்குனாத்தான் எலும்பு இறுகுமாம்."

"அதுக்காக பஸ்லயுமா?"

"இன்னைக்கி டாக்டரு பாத்துட்டு சரின்னு சொன்னாத்தான் மவன் என்னைய நடவுக்கு விடுவான். இல்லன்னா வூட்டுலயே இருன்னுட்டான். என் வயல்ல வேற ஆளு நடுறத நான் வேடிக்கை பாக்கணுமா?"

கோட்டுச்சேரியில் பேருந்து குலுங்கி நின்றது. அமர்ந்திருந்த நாங்களெல்லாம் முன்னே சரிந்தோம். அவரோ காலை ஓரடிகூட நகர்த்தாமல் நின்றார்.

"நீங்க நடவுக்குப் போயிடுவீங்கக்கா" என்ற முன்னிருக்கைப் பெண், தாமும் எழுந்து அவரருகில் நின்றுகொண்டார்.

நடத்துநர் வந்தார். "சீட்டு காலியாக் கெடக்கே, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்டை இல்லீங்க. எலும்ப எழுப்பிக்கிட்டு இருக்கோம்" என்றார், புதிதாக எழுந்தவர்.