மெஷினில் பிழை இல்லை

தூண் குழிக்கு ஒன்பது அங்குலம் போதும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை, சேர். நாலு அங்குலக் கொங்கிறீட் தூணை இறக்கி, சுற்றிவர மண் போட்டு இடிக்க அந்த அகலம் தாராளம். பன்னிரண்டில் தோண்டினால் தூண் ஆடும். எங்கள் சங்கத்து டிராக்டரும் திணறும்.

யானை வராமல் கரண்ட் வேலி போட எங்கள் விவசாயச் சங்கம் குழி தோண்டும் மெஷின் ஒன்று எடுக்கத் தீர்மானித்தபோது, அதைத் தெரிவுசெய்யும் வேலையை என்னிடம் தந்தார்கள். டிராக்டர் விஷயம் என்றால் றம்ஸீனைக் கேள் என்பது ஊர் வழக்கம். மாத்தளைக்கு மூன்று தரம் போனேன். ஒவ்வொன்றாக டிராக்டரின் பின்னால் மாட்டி, ஓட்டிப் பார்த்தேன். கியர் பெட்டியைத் திறந்து எண்ணெயை மோந்துகூடப் பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோது நான் இவ்வளவு மினக்கெடவில்லை.

மெஷின் வந்த அன்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஸெய்னுலாப்தீன் நானா குனிந்து பார்த்தார். அவருடைய காணி ஊர் எல்லையில், காட்டை ஒட்டி இருக்கிறது. வேலி யாருக்கு வேண்டுமோ இல்லையோ, அவருக்குக் கட்டாயம் வேண்டும்.

"என்ன தம்பி, இது வேலிக்கட்டை நடவா, மொளகுக்கொடி நடவா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒம்பதிஞ்சி என்று பெயர். பள்ளிவாசலில் ஒம்பதிஞ்சி, சந்தையில் ஒம்பதிஞ்சி. என் மனைவி பர்ஸானாவைக் கடையில் ஒருவர், "ஒம்பதிஞ்சிட பொஞ்சாதிதானே?" என்று விசாரித்திருக்கிறார். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை. யோசித்தேன், அவ்வளவுதான்.

அந்த மெஷினில் சியர் போல்ட் என்று ஒரு சின்ன ஆணி உண்டு. மண்ணைத் தோண்டும் திருகு கல்லில் சிக்கினால் அது முறிந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். முறிவதுதான் அதன் வேலை. மூன்று போல்ட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அரத்தால் பாதிவரை ராவினேன். கிரீஸ் பூசினால் வெட்டுத் தெரியாது.

நூற்றுப் பன்னிரண்டு குழிகள் ஒழுங்காகத் தோண்டினேன். நூற்றுப் பதின்மூன்றாவது, வேலி நானாவின் காணியைச் சுற்றித் திரும்ப வேண்டிய இடம். அங்கே முதல் போல்ட்டை மாட்டினேன். படீரென்று முறிந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

"கீழ பெரிய பாறை நானா," என்றேன்.

அவர் முறிந்த துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அல்லாஹ்ட நாட்டம். நீங்க என்ன செய்ற தம்பி? வாங்க, தேத்தண்ணி குடிப்போம்."

நல்ல இஞ்சித் தேத்தண்ணீர். நானாவின் மனைவி ஜெஸீமா ராத்தா போட்டுத் தந்தார். அதைக் குடித்துவிட்டு வேலியை உள்பக்கமாகத் திருப்பினேன். நானாவின் காணி வேலிக்கு வெளியே, காட்டோடு போயிற்று.

யானை வேலியை உடைக்காது, சேர். வேலி ஓரமாகவே நடந்துபோய் திறந்த இடத்தைத் தேடும். நான் போட்ட வேலி நேராக நானாவின் முற்றத்தில் கொண்டுபோய் விட்டது. முதல் தடவை சோளம் போனது. இரண்டாம் தடவை வாழை. மூன்றாம் தடவை குசினிச் சுவர் சரிந்து ராத்தாவின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டுபோனேன். இரண்டு கிழமை அவர்களை எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். பார்க்க வந்த எல்லாரிடமும் நானா, "மூணு போல்ட் முறிஞ்சிச்சு, பாவம், எவ்வளவு பாடுபட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க எனக்கு இதமாகத்தான் இருந்தது. அந்த நிலையிலேயே விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம். நானா எழுந்தார். கிண்டல் இல்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"றம்ஸீன்ல பிழை இல்ல. மெஷின்லதான் பிழை. கல்லுக்கு நிக்காத மெஷின். இத வித்துட்டு வேற எடுப்போம்."

எல்லாரும் கை தூக்கினார்கள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்குக் காலை எல்லாரையும் அழைத்து, அதே நூற்றுப் பதின்மூன்றாவது இடத்தில் புது போல்ட் போட்டு இறக்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றரை அடி. சுத்தமான வட்டக் குழி, வெறும் மண். ஒரு கூழாங்கல் வரவில்லை. நான் எல்லாருடைய முகத்தையும் பார்த்தேன். ஒருவரும் மெஷினைப் பார்க்கவில்லை.

நானா குழியோரம் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து நொறுக்கிப் பார்த்தார்.

"அப்ப அந்த மூணு போல்ட்?"

சொன்னேன். அவர் மண்ணைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். நான் அங்கிருந்து நேரே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

ராத்தாவின் காலைப் பற்றி எனக்கு மனவருத்தம் உண்டு, சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தாளில் இடம் போதாவிட்டால் மெஷின் விஷயத்தை முதலில் எழுதுங்கள்.