பெட்டியின் பின்பக்கம்

– அப்ப நீ எழுதுறதையெல்லாம் யாரோ தோளுக்குப் பின்னாடி நின்னு படிக்கிறாங்கன்னு சொல்ற.

– யாரோ இல்ல, திருப்புளி அண்ணே. என்னைக் கட்டினவன்தான். இந்த கம்ப்யூட்டர்லேருந்து வக்கீலம்மாவுக்கு மெயில் போடுறேன். ரெண்டு மூணு நாள் போனதும் அவன் எனக்கு மெயில் போடுறான், 'கோர்ட்டுக்கு நானே வண்டியில கொண்டுபோய் விடவா'ன்னு. கேஸ் போடப் போறேன்னு நான் சுவத்துகிட்டகூடச் சொல்லல.

– வக்கீலம்மாவுக்கு ஓட்டை வாயோ என்னவோ.

– நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் நான் வேலைக்கு எழுதிப்போட்ட இடத்தைச் சொன்னான். அதுக்கப்புறம், மனசு கேக்காம ஒரு நாள் எனக்கு நானே நாலு வரி அடிச்சு வச்சிருந்தேன், யாருக்கும் அனுப்பல. அதுலேருந்து ஒரு வரியை உருவி எனக்கே அனுப்புறான். அன்னைக்கே பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்தினேன் அண்ணே.

– போன் வழியா இருக்கும்.

– அவன் வாங்கிக் குடுத்த போனை அவன் வீட்டுலயே வீசிட்டு வந்தேன். இப்ப இருக்கிறது பட்டன் போன். பேச மட்டும்தான் ஆகும்.

– சரி, தள்ளி உக்காரு. பாஸ்வேர்டை நீயே அடி, நான் சுவரைப் பாக்குறேன். இந்த அறையில ஃபேன் ஒண்ணு போடக்கூடாதா, வேர்த்து ஊத்துது. ம்... என்னா இது, லினக்ஸா?

– இதுல இருந்த பழைய சிஸ்டத்தை மொத்தமா அழிச்சிட்டு நானே போட்டேன். உள்ள என்ன இருக்குன்னு யார் வேணாலும் பிரிச்சுப் பாக்கலாமாம், அதுல எதையும் ஒளிச்சு வைக்கிறது கஷ்டம்னு படிச்சேன். கண்ட இடத்துலேருந்து எதையும் இறக்கல, எல்லாம் அதோட சொந்தக் களஞ்சியத்துலேருந்துதான். அப்டேட் வந்தா அன்னைக்கே போட்டுடுவேன். தினமும் உக்கார்றது சாதாக் கணக்குல. உள்ள எதையாவது ஏத்தணும்னா இன்னொரு பாஸ்வேர்டு கேக்கும். அது என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அடுப்பை அணைக்க எழுந்திரிச்சாக்கூட ஸ்கிரீனைப் பூட்டிட்டுத்தான் போவேன். அம்மா பாத்துட்டுச் சிரிக்குது.

– ஆபீஸ்ல கையில திருப்புளியோட கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்க என்னை வச்சுட்டு, உனக்குப் போய் வெறும் பில் அடிக்கிற வேலை குடுத்து வச்சிருக்கானுங்க. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருப்ப நீ.

– வெளையாடாதீங்க அண்ணே. நாளைக்குக் காலையில எனக்கு வண்டி.

– எங்க?

– வேலை கிடைச்ச ஊருக்கு. தோழி ஒருத்தி அவ ரூம்ல இடம் தர்றா. ரெண்டு நாளா அதைத்தான் இதுல எழுதிட்டிருக்கேன், ரூம் இருக்கிற தெரு, கதவு நம்பர், எந்த வண்டியில வர்றேன், எல்லாம். அதான் உங்களைக் கூப்பிட்டேன். அது மட்டும் அவனுக்குத் தெரிஞ்சிடக்கூடாது.

– தெரிஞ்சா?

– இங்க தெரு முழுக்க ஆள் இருக்கு, அதனால வாலைச் சுருட்டிக்கிட்டு இருக்கான். அங்க நானும் அவளும் மட்டும். அவன் அடிக்க ஆரம்பிச்சா எப்ப நிறுத்தணும்னு அவனுக்கே தெரியாது அண்ணே.

– அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?

– சின்னச் சண்டைன்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குப் போறதுகூட ஆபீஸ் வேலையா ரெண்டு நாள்னுதான் சொல்லியிருக்கேன். நாள் பூரா கல்லு உடைக்கிற மெஷின்கிட்ட நின்னுட்டு வருது. அது தலையில இதையும் எங்க ஏத்துறது.

– ம். ஓடிட்டிருக்கிற புரோகிராம் ஒவ்வொண்ணா பாத்துட்டேன். வெளிய எதுவும் போகல. கீபோர்டுகிட்ட ஒட்டுக் கேக்குறது ஒண்ணும் இல்ல. உள்ள சுத்தம்.

– அப்ப எப்படித் தெரியுது அவனுக்கு? எனக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?

– நான் அப்படிச் சொல்லல. ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது. இன்டர்நெட் வழியா திருடுறவன்னா, நீ அடிச்ச அடுத்த நிமிஷமே தெரிஞ்சுக்குவான். இவனுக்கு ஏன் ரெண்டு மூணு நாள் ஆகுது? யாரோ கையில எடுத்துட்டுப் போய்க் குடுக்குற மாதிரி இருக்கு. டார்ச் இருக்கா?

– இந்தாங்க. எதுக்கு?

– கம்ப்யூட்டர் பெட்டியைக் கொஞ்சம் முன்னாடி இழு. மெதுவா. எவ்வளவு தூசி பாரு. எல்லா இடத்துலயும் படிஞ்சு கிடக்கு, இந்த ஓட்டைகிட்ட மட்டும் தொடச்ச மாதிரி இருக்கு. கீபோர்டு வயர் எங்க போகுதுன்னு பாரு.

– பெட்டிக்குத்தான்.

– நல்லா பாரு. வயர் இந்தக் கறுப்புத் துண்டுல சொருகியிருக்கு. இந்தத் துண்டுதான் பெட்டியில சொருகியிருக்கு.

– அது கீபோர்டோட வந்தது இல்லையா?

– இல்ல. இதைத்தான் இத்தனை நேரம் உள்ள தேடினோம். நீ ஒரு எழுத்தை அமுக்கினா முதல்ல இது வாங்கி எழுதி வச்சுக்கும். அப்புறம்தான் அது உன் லினக்ஸுக்கே போய்ச் சேரும். லினக்ஸைக் கேட்டா 'ஒரு கீபோர்டு மாட்டியிருக்கு'ன்னு மட்டும் சொல்லும், அதுக்கு வேற எதுவும் தெரியாது. நீ வீட்டுக்குள்ள பூட்டு மேல பூட்டா போட்ட தங்கச்சி. இது வாசப்படியில உக்காந்திருக்கு.

– நான் மாத்தின பாஸ்வேர்டு?

– மாத்தினது, மாத்தினதை மறுபடி மாத்தினது, எல்லாமே இதுல விழுந்திருக்கும். இரு, இதைத் தெறந்து பாக்குறேன். இந்த ரகத்துல மூணு எழுத்தைச் சேர்த்து அமுக்கினா பென்டிரைவ் மாதிரி தெறக்கும். ம்... இதோ.

– என்ன இருக்கு?

– பத்து வரிகூட இல்ல. காலையில எனக்கு 'இன்னைக்கு வர முடியுமா'ன்னு மெயில் போட்டேல்ல, அங்கேருந்துதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி காலி.

– அப்படின்னா நான் போற ஊர் விஷயம் அதுல இல்ல. தப்பிச்சேன்.

– தங்கச்சி, இது புதுசா மாட்டினது. பழசை யாரோ இன்னைக்குக் காலையில கழட்டியிருக்காங்க.

– இந்த வீட்டுக்குள்ள யாரு அண்ணே வரப் போறா? அவன் இந்த வாசல்லயே காலை வைக்கல.

– இது என்ன, துண்டு மேல வெள்ளையா? சுண்ணாம்பா? விரல் வச்ச தடம் மாதிரி இருக்கு.

– குடுங்க பாப்போம்.

– என்னாச்சு?

– கல்லு மாவு.

– என்னது?

– சுண்ணாம்பு இல்ல, கல்லு மாவு. எங்க வீட்டுக் குடத்துல இருக்கும், என் சீப்புல இருக்கும், தலையணையில இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அது கையை விட்டுப் போகாது.

– அவசரப்படாத. பெருக்கும்போது கை பட்டிருக்கும்.

– ஆமா. பெருக்கும்போது பட்டிருக்கும். அப்படித்தான் இருக்கணும் அண்ணே.

– யாருடி அது உள்ள, வாசல்ல வண்டி நிக்குது? அட, ஆபீஸ் தம்பியா. என்னத்த, வந்தவருக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காம ரெண்டு பேரும் தரையில உக்காந்திருக்கீங்க.

– அம்மா, இங்க வா.

– கையைக் கழுவிட்டு வர்றேன்.

– கழுவாத. அப்படியே வா. இது என்ன?

– என்னத்தையோ காட்டுற. எனக்கு என்ன தெரியும் அந்த மெஷினைப் பத்தி.

– அம்மா, திட்ட மாட்டேன். யாரு குடுத்தா?

– தம்பி இருக்காரு, அப்புறம் பேசலாம்.

– அவர் இருக்கட்டும். இதைக் கண்டுபிடிச்சதே அவர்தான். யாரும்மா குடுத்தா?

– மாப்பிள்ளைதான்.

– எப்ப?

– நீ இங்க வந்த பத்தாம் நாள் இருக்கும். கல்லுக் கம்பெனி வாசலுக்கு வந்தார். வெயில்ல நின்னார், பாவம், மொகமெல்லாம் வாடிப்போய். 'அத்தை, அவ வாயத் தொறந்து எதையும் சொல்ல மாட்டா, எழுதத்தான் செய்வா. எழுதுறதைப் படிச்சா அவ மனசு எனக்குப் புரியும், நான் திருந்திக்குவேன்'னார். ரெண்டு குடுத்தார், ஒண்ணைப் பிடுங்கினா இன்னொண்ணை மாட்டணும்னு. நீ குளிக்கப் போறப்ப மாத்துவேன்.

– அதுல நான் என்ன எழுதினேன்னு உனக்குத் தெரியுமாம்மா?

– எனக்கு எங்க தெரியும். நீதான் ஸ்கிரீனைப் பூட்டிட்டு எழுந்திரிப்பியே. நான் தொறந்து பாத்தாலும் எனக்குப் படிக்கவா வரும்.

– பழசை என்ன பண்ணின? இன்னைக்குக் கழட்டினது.

– வேலைக்குப் போறப்பவே வழியில வந்து வாங்கிட்டுப் போயிட்டார். மத்தியானம் கம்பெனி வாசலுக்குத் திரும்ப வந்தார். 'அத்தை, உங்க பொண்ணு உங்ககிட்டகூடச் சொல்லாம ஊரை விட்டே ஓடப் போறா, தெரியுமா'ன்னார்.

– எந்த ஊர்னு சொன்னானா?

– தெரு பேரு, கதவு நம்பர் எல்லாம் சொன்னார். அவர் இன்னைக்கே கிளம்பறாராம். நீ போய் இறங்குறப்ப அங்க நிப்பாராம்.

– அண்ணே.

– நான் இருக்கேன் தங்கச்சி. முதல்ல அந்தத் தோழிக்குப் போன் போடு, அந்த ரூமை விட்டு வேற எங்கயாவது போய் இருக்கச் சொல்லு. அந்த ஊர் வேணாம். அந்த டிக்கெட்டைத் தொடாத. வேற டிக்கெட் என் போனுலேருந்து போடலாம். பாஸ்வேர்டு எல்லாம் ஆபீஸ் மெஷின்ல உக்காந்து மாத்து, இதுல ஒரு எழுத்துகூட அடிக்காத. நான் வாசல்ல நிக்கிறேன். துணிமணியை எடுத்துட்டு வா, எங்க சொல்றியோ அங்க விடுறேன்.

– சரி அண்ணே.

– எதுக்கு அவர் இப்படிப் பதறுறார்? மாப்பிள்ளை என்ன வேத்து ஆளா?

– அம்மா, உக்காரு. கையைக் குடு. உன் மேல எனக்குக் கோபம் இல்ல. அவன் உன்னை ஏமாத்திட்டான். தப்பு என் மேலதான், உன்கிட்ட மறைச்சேன்.

– என்னத்த மறைச்ச.

– அவன் என்னை அடிப்பான்மா. கையால மட்டும் இல்ல, பெல்ட்டால. அதை வக்கீலம்மாவுக்கு எழுதினேன், யாருக்கும் அனுப்பாம எனக்கே எழுதி வச்சேன். உன் மொகத்தைப் பாத்துச் சொல்ல மட்டும் வாய் வரல. சொல்லியிருந்தா நீ அந்தத் துண்டை அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்ப.

– பையில அந்தப் போர்வையை வை. குளிரும்.

– அம்மா, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டதானே?

– வந்த அன்னைக்கே பாத்தேன்டி. நீ தலையைத் துவட்டிட்டுத் திரும்பி நின்ன. உன் முதுகைப் பாத்தேன்.

– தெரிஞ்சுமாம்மா குடுத்த?

– அவர் வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே கண்ணு இருக்கு. அடிச்சா நான் ஓடி வந்து ஒத்தடம் குடுப்பேன். நீ போற ஊருக்கு எனக்கு வழி தெரியாது.