குறைகள்: இல்லை

எல்லோருக்கும் முன்னதாக வந்து, ஒரு கால் ஆடும் நாற்காலியில் ஆடாமல் அமர்ந்து, இந்த அவைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே. மேடையின் இருபுறமும் வீற்றிருக்கும் ரயில் பயணிகள் கண்காணிப்புக் குழுவின் உறுப்பினர் பெருமக்களே. முன்வரிசையில் முழங்கால் வலியையும் மறந்து வந்து அமர்ந்திருக்கும் மூத்தோரே. மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மாரே. பையும் பாத்திரமும் படிப்பும் பிழைப்புமாகப் பயணம் போய்ப் பழகிய தோழர்களே. கடைசி வரிசையில், கதவோரம், எந்த நேரமும் எழுந்து போக வசதியாக அமர்ந்திருக்கும் தையற்காரர் அண்ணன் அவர்களே. அனைவருக்கும் என் வணக்கம். கடைசியாகச் சொன்னவருக்கு மட்டும் வணக்கத்தோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். நிலையத்து வாசலில் சைக்கிள் நிறுத்தம் நடத்துகிறவன். ஆறு ஆண்டுகளாக இந்தக் குழுவின் செயலாளன். மைக் கிடைத்தால் விடமாட்டான் என்று வீட்டிலேயே பேர் எடுத்தவன். இன்று என் பேச்சு நீளாது. நீண்டால் தலைவர் அம்மா துண்டுச்சீட்டு அனுப்புவார்கள். அவர்களிடம் படித்தவன் நான், அவர்கள் கையெழுத்தைக் கண்டால் இன்றும் வாயை மூடிக்கொள்வேன்.

அவையோரே, நம் மொழியில் ஒரு சொல். நிற்பது. காலை ஆறு நாற்பது வண்டி நம் நிலையத்தில் நின்றது. முப்பது ஆண்டுகளாக நின்றது. வெயிலில் நின்றது, மழையில் நின்றது, நாம் மூச்சிரைக்க ஓடி வருவதைக் கார்டு பார்த்துவிட்டால் கூடுதலாக அரை நிமிடமும் நின்றது. இன்று கேட்டால் என்ன சொல்கிறோம்? "காலை வண்டி நின்னுடுச்சு" என்கிறோம். அதே சொல்தான். அன்று நின்றது என்றால் ஏறலாம் என்று பொருள். இன்று நின்றுவிட்டது என்றால் இனி ஏறவே முடியாது என்று பொருள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதே நேரத்துக்கு வருகிறது, அதே தடத்தில் வருகிறது, நம் நடைமேடைத் தூசியை நம் முகத்திலேயே இறைத்துவிட்டுப் போகிறது. நிற்பது மட்டும்தான் நின்றுவிட்டது.

நிறுத்தியது யார்?

"அதிகாரிங்கதான்" என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். சொல்லுங்கள் ஐயா. நானும் ஏழு மாதமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெட்டிக்கடையில் சொன்னேன், முடிதிருத்தகத்தில் சொன்னேன், மனு எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். இன்று அதைத் திருத்திச் சொல்கிறேன். வண்டியை நிறுத்தியவன் உங்கள் முன்னால் நின்றுகொண்டிருக்கிறான்.

சலசலப்பு வேண்டாம், கேளுங்கள்.

தையற்காரர் அண்ணனின் மனைவியை உங்களில் அறியாதவர் யார்? அண்ணன் வெட்டித் தைப்பார், அக்கா பொத்தானுக்குக் காஜா எடுப்பார். அதனாலேயே ஊருக்கு அவர் காஜா அக்கா. இந்த மண்டபத்தில் இருக்கும் சட்டைகளில் பாதிக்கு அவர் கை பட்டிருக்கும். நான் போட்டிருப்பதிலும் பட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், நகரத்து மருத்துவமனையில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். காலை எட்டு மணி அவருடைய முறை. எட்டேகால் தாண்டினால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். ஆறு நாற்பது வண்டியில் ஏறினால் ஏழரைக்கு நகரம். அந்த வண்டிதான் அவருடைய உயிர். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை.

அண்ணன் தன் சைக்கிளின் பின்னால் ஒரு தலையணையைக் கட்டி, அதில் அக்காவை உட்காரவைத்து அழைத்து வருவார். என்னிடம் சைக்கிளை விட்டுவிட்டு அடையாளத்துக்குப் பதினேழாம் எண் வில்லையை வாங்கிக்கொள்வார். அக்கா நடைமேடையில் இருக்கும் ஒரே பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். "எப்படி இருக்கீங்க அக்கா?" என்று கேட்டால், "எனக்கென்ன தம்பி, வாரத்துக்கு ரெண்டு தடவ துவைச்சுத் துவைச்சு அனுப்புறாங்க, இஸ்திரி மட்டும்தான் போடல" என்பார். நான் சிரிப்பேன். அண்ணன் சிரிக்கமாட்டார்.

இப்படியிருக்கையில் வந்தது ஒரு கடிதம். வரும் புதன்கிழமை காலை ஆய்வு நடக்கும், நிலையத்தின் பயன்பாடு மதிப்பிடப்படும் என்று எழுதியிருந்தது. குழுவைக் கூட்டி நான்தான் உரக்கப் படித்தேன். மதிப்பிடப்படும் என்ற சொல்லைப் பார்த்ததும் எங்களுக்கு என்ன தோன்றியது தெரியுமா? மதிப்பெண் போடப் போகிறார்கள் என்று தோன்றியது. நடைமேடை பளிச்சென்று இருந்தால் நூற்றுக்கு நூறு, நூற்றுக்கு நூறு வாங்கினால் நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கூரை வந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். கண்காணிப்புக் குழு என்று எங்களுக்குப் பெயர். கண் இருந்தது, காணத்தான் இல்லை.

செவ்வாய்க்கிழமை நடைமேடையைக் கழுவினோம். பெயர்ப்பலகைக்கு வர்ணம் அடித்தோம். பெஞ்சைத் துடைத்தோம். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அன்று மாலை ஒலிபெருக்கி கட்டி, தெருத்தெருவாகப் போய் அறிவித்தவன் நான். என்ன அறிவித்தேன்? அவசரமில்லாதவர்கள் நாளை ஒரு நாள் மட்டும் பஸ்ஸில் போங்கள், நடைமேடையில் கூட்டம் போடாதீர்கள், மூட்டை முடிச்சோடு வராதீர்கள், நிலையத்து வாசலில் சைக்கிள் விடாதீர்கள், ஊர் மானம் முக்கியம். விருந்தாளி வரும் நேரத்தில் பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துவோமே, அப்படி ஓர் ஊரையே உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

நீங்கள் கேட்டீர்கள். மற்ற எதைச் சொன்னாலும் கேட்காதவர்கள் அதை மட்டும் கேட்டீர்கள். நாள்தோறும் அறுபத்துமூன்று சைக்கிள் நிற்கும் இடத்தில் அன்று ஒன்றுதான் நின்றது. பதினேழாம் எண்.

அக்காவுக்குப் புதன்கிழமை. அவர் எப்படி வராமல் இருப்பார்? வந்தார். முகம் வீங்கியிருந்தது, கால் வீங்கியிருந்தது, வழக்கம்போல் பெஞ்சைப் பார்த்து நடந்தார். நான் குறுக்கே போனேன். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பார்சல் ஷெட்டுக்குப் பின்னாடி உக்காந்துக்கிறீங்களா? வண்டி வந்ததும் நானே கூப்பிடுறேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, பாக்க நல்லா இல்லையா நான்?" என்று கேட்டார்.

கேலியாகத்தான் கேட்டார். நானும் கேலியாக எடுத்துக்கொண்டேன். அண்ணன் சைக்கிளிலிருந்து தலையணையை அவிழ்த்துக்கொண்டு போய் ஷெட்டுக்குப் பின்னால் தரையில் போட்டார். நிழலில்லாத இடம் அது, சரளைக் கல்லும் எண்ணெய்க் கறையும் கிடக்கும் இடம். நோயாளிப் பெண் ஒருத்தியை அங்கே உட்காரவைத்துவிட்டு, துடைத்த பெஞ்சை நான் இன்னொரு முறை துடைத்தேன்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். பேனாவை நீட்டி நீட்டி நடைமேடையில் நின்றவர்களை எண்ணினார். "இவ்வளவு பேர்தான் வருவாங்களா?" என்று கேட்டார். தாய்மாரே, அந்த மனிதர் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அன்று வெளியே போகாத அறுபத்திரண்டு வில்லைகள் என் மேசை இழுப்பறையில் கிடந்தன. இழுத்துக் காட்டியிருந்தால் போதும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எப்பவும் இப்படித்தான் சார், கூட்டம் கூச்சல் எதுவும் இருக்காது, அமைதியான ஊர்" என்றேன்.

பிறகு எங்கள் குழுவின் பொறுப்பில் இருந்த பயணிகளின் குறைப் பதிவேட்டைக் கேட்டார். எடுத்து வைத்தேன். அன்றைய தேதியிட்டு, குறைகள் என்ற கட்டத்துக்கு நேராக, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வந்தவரிடம் போய் நம் வீட்டுக் குறையைச் சொல்வதா என்ற பெருந்தன்மை. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி வந்தது. கூப்பிடுகிறேன் என்று சொன்னவன் கூப்பிட மறந்தேன். அண்ணன்தான் அக்காவைக் கைத்தாங்கலாகக் கடைசிப் பெட்டியில் ஏற்றினார். வண்டி நகரும்போது அக்கா ஜன்னல் வழியே கேட்டார்: "அவரு எண்ணிக்கிட்டிருந்தாரே தம்பி, என்னையும் எண்ணிக்கிட்டாரா?"

"எல்லாம் எண்ணியாச்சு அக்கா" என்று கையசைத்தேன்.

ஏழு வாரத்தில் உத்தரவு வந்தது. மூன்று வரி. பயணிகள் ஒன்பது பேர். பதிவேட்டின்படி குறைகள் இல்லை. நிறுத்தம் விலக்கிக்கொள்ளப்படுகிறது. அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் எங்கள் குழு உறுப்பினர்கள். நாங்கள் எங்கும் போகவில்லை, அதிகாரியை வரவேற்க நின்றவர்கள். எங்கும் போகாத நாங்கள் எண்ணிக்கையில் இருக்கிறோம். போயே தீர வேண்டியவர் எண்ணிக்கையில் இல்லை.

ம்... தண்ணீர் கொடுங்கள். நன்றி.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பஸ் நகரத்துக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு நாற்பது. படுக்கை போய்விடும். வண்டி நிற்கும் அடுத்த நிலையம் பதினொரு கிலோமீட்டர். அண்ணன் அந்தப் பதினொரு கிலோமீட்டரும் அக்காவைப் பின்னால் வைத்து மிதித்தார். விடிவதற்கு முன் கிளம்பி மிதித்தார். மழைக்காலம் வந்தது, பாதை சேறாயிற்று. ஒரு முறை தவறியது, பிறகு இரண்டு தவறின. ஐந்தாம் மாதம், சேற்றில் சைக்கிள் போகாத ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில், அண்ணன் தோளில் சாய்ந்தபடியே அக்கா போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் என் நிறுத்தத்துக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைத் தேடி எடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், நிதானமாகப் படித்தார். குறைகள். இல்லை. பிறகு புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு தம்பி" என்றார். பதினேழாம் எண் வில்லையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குப் பேனா பிடிக்கப் பிடிக்கவில்லை.

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்கள், "நீ சொன்னதத்தானேப்பா நாங்களும் கேட்டோம், எங்க மேலயும் தப்புத்தானே?" என்று. இல்லை அம்மா. நீங்கள் நம்பினீர்கள், நான் நம்பவைத்தேன். இரண்டும் ஒன்றாகாது. பங்கு போட்டுக்கொண்டால் எனக்குப் பாரம் குறையும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

இதோ, துண்டுச்சீட்டு வந்துவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன் அம்மா.

தலைவர் அம்மா விடாமல் எழுதிய கடிதங்களின் பயனாக மறுபடியும் எண்ண ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு நாள். வரும் புதன்கிழமை, காலை. வண்டி நிற்காது, நாம்தான் நிற்க வேண்டும். ஆகவே மறுபடியும் உங்களிடம் ஓர் அறிவிப்போடு வந்திருக்கிறேன், அதே வாயால். வாருங்கள். தலை சீவாமல் வாருங்கள். மூட்டையோடு வாருங்கள், முனகலோடு வாருங்கள். இருமுகிறவர்கள் இருமிக்கொண்டே வாருங்கள். அழுகிற குழந்தையை அழவிட்டுத் தூக்கி வாருங்கள். சைக்கிளை வழியெல்லாம் சாத்துங்கள், நடக்க இடமில்லாமல் செய்யுங்கள். பெஞ்சில் நோயாளிகள் படுங்கள், அதிகாரி நின்றுகொள்ளட்டும். நாம் எப்படி இருக்கிறோமோ அப்படியே, எத்தனை பேர் இருக்கிறோமோ அத்தனை பேரும், எண்ணுகிற பேனாவுக்கு மை தீரும்வரை நிற்போம்.

"நின்னா வண்டி திரும்ப வந்துருமா?" என்று கேட்கிறார் அங்கே பால்காரர். நியாயமான கேள்வி. வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். என் வாக்கு எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டீர்கள். வந்தாலும், யாருக்காக வர வேண்டுமோ அவர் ஏறப் போவதில்லை.

தையற்காரர் அண்ணே, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன். இவ்வளவு பேர் முன்னால் கேட்டால் நீங்கள் மறுக்க முடியாமல் போய்விடும். அதனால் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். புதன்கிழமை அந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுதமாட்டேன். அக்காவைப் பற்றித்தான் முதல் வரி. நீங்கள் வந்தால், உங்களோடு அக்காவையும் சேர்த்து இரண்டு பேர் என்று எண்ணிக்கையில்...

அண்ணன் எழுந்துவிட்டார். ஏதோ சொல்கிறார். சற்று அமைதி. சொல்லுங்கள் அண்ணே.

முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன். "புதன்கிழமை நான் வர்றேன். என்னை ஒன்னுன்னு எழுதுங்க. ரெண்டுன்னு எழுதாதீங்க. அவ இருந்தப்ப எழுதல, இப்ப எழுதிப் பொய் சொல்லாதீங்க."

இதற்கு மேல் பேசினால் அது பேச்சுக்காகப் பேசுவதாகிவிடும். கடைசிவரை இருந்து கேட்ட உங்களுக்கும், சீட்டு அனுப்பிவிட்டும் பொறுத்திருந்த தலைவர் அம்மாவுக்கும், இந்த மண்டபத்துக் கதவைத் திறந்துவிட்டவருக்கும் என் நன்றி. ஒன்று, அண்ணே. ஒன்று என்றே எழுதுகிறேன். வணக்கம்.