அம்பது கேபிக்குள்ள

அது தொறக்கற வரைக்கும் ஒரு விடுகதை போடறேன் தம்பி, சொல்லுங்க பாப்போம். எல்லாத்தையும் உள்ள வச்சிருக்கும், ஒண்ணையும் வெளிய காட்டாது. ஆளும் கனம். அது என்ன?

பீரோவா? இல்ல. எங்க வீட்டுக்காரர்.

சிரிக்காதீங்க, இன்னொரு விடையும் இருக்கு. உங்க பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல தொறக்க மாட்டேங்குதே, எம்பொண்ணு போட்டோ. ரெண்டும் ஒரே ரகம். அது பேரு ரா. கேமரா பாத்ததுல ஒரு துளி விடாம வச்சிருக்குமாம், அப்புறம் நாம உக்காந்து அதை போட்டோவா ஆக்கணுமாம். அவர் கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கறவர். ஊரார் கல்யாணத்தை எல்லாம் ஆக்கிடுவார். சொந்தப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து எடுத்தது நாலு டிஸ்க்ல தூங்குது. செவுத்துல மாட்ட ஒண்ணு கெடையாது.

தெரியும் தம்பி, தெரியும். பள்ளிக்கூட விண்ணப்பத்துல ஏத்தற போட்டோ ஜேபெக், அம்பது கேபிக்குள்ள, அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. அது போகலைன்னா எம்பொண்ணுக்கு ஆறாம் கிளாஸ் இடம் போச்சு. அதைத்தான் நாலு நாளா அவர்கிட்ட கத்தினேன். அம்பது கேபியா, எம்பொண்ணு மூஞ்சியை நசுக்கச் சொல்றியாங்கறார். நசுக்கித்தான் குடுக்கணும்னு பள்ளிக்கூடம் கேக்குதுன்னேன். காலையில முப்பது எம்பியை அப்படியே பென் டிரைவ்ல போட்டு மேஜையில வச்சுட்டு வேலைக்குப் போயிட்டார். திமிரைப் பாருங்க.

பள்ளிக்கூடம் பக்கம்தான். எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டாவது தெரு. அங்க மணி அடிச்சா எங்க சமையக்கட்டுல கேக்கும்.

போன்ல இருக்கே, அது ஆகாது. காலையிலயே போட்டுப் பாத்தேன், முகம் தெரியலைன்னு தள்ளிடுச்சு. எடம் அடைக்குதேன்னு நான் அசலை அழிச்சுட்டேன். எங்கக்காவுக்கு அனுப்பினதை அவ அவங்க மாமியாருக்கு அனுப்பி, மாமியார் எனக்கே திருப்பி அனுப்பினாங்க. பத்து கை மாறினதுல தேஞ்சு போன ரப்பர் ஸ்டாம்பு மாதிரி இருக்கா. அவருக்கு எதையும் விட மனசு வராது. எனக்கு எதையும் வச்சுக்க மனசு வராது.

போன மாசம் அதுலதான் பெரிய ரகளை. அவர் டிஸ்க்கை ஒழுங்கு பண்ணித் தரேன்னு உக்காந்தேன். ஒவ்வொரு போட்டோ பக்கத்துலயும் அதே பேர்ல துக்கடா துக்கடாவா ஒரு ஃபைல். குப்பைன்னு மொத்தத்தையும் தொடச்சு விட்டேன். அவர் கலர் பாத்து, வெளிச்சம் பாத்து செஞ்ச வேலை மொத்தமும் அந்தத் துக்கடாவுலதான் இருந்துதாம். போட்டோவுல இல்லையாம். வேலையை எடுத்து வெளிய வச்சா எனக்கு எப்படித் தெரியும்?

அன்னையிலேர்ந்து பேச்சு கெடையாது. சத்தம் மட்டும்தான். மத்ததெல்லாம் பொண்ணு வழியா. நான் பத்து வரி திட்டி அனுப்புவேன். அவ போயி, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்கம்பா. அவர் அதுக்கு மேல திட்டி அனுப்புவார். இவ வந்து, அப்பாவுக்கு இப்ப பசிக்கலையாம்பா. எல்லாம் அம்பது கேபிக்குள்ள. மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. கெட்டிக்காரி.

என்ன தம்பி, ஏதோ வந்துருச்சு? அட, இவதான்! எப்படிப் பண்ணீங்க?

உள்ளயே இருந்துதா? ராவுக்குள்ள குட்டியா ஒரு ஜேபெக்கை கேமராவே போட்டு வச்சிருக்குமா? அப்போ நாலு நாளா நாங்க எதுக்குய்யா தொண்டை கிழியக் கத்தினோம்? அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சேதான் பேசாம இருந்திருக்கார். வரட்டும், வச்சுக்கறேன்.

நல்லாத்தான் எடுத்திருக்கார். கண்ணைப் பாருங்க, ரெண்டு கண்ணுலயும் ஜன்னல் தெரியுது. இதை நான் பாத்ததே இல்ல.

சரி, சுருக்குங்க. மணி நாலே முக்கால் ஆச்சு. நாப்பத்தெட்டா? போதும், ஏத்துங்க. பச்சை டிக் வந்துருச்சா? அப்பாடா.

இன்னும் ஒரு கட்டம் இருக்கா? அதெல்லாம் அந்தத் தாளைப் பாத்துப் போடுங்க, அவளே உக்காந்து பென்சில்ல நிரப்பிக் குடுத்தா. பேரு, பொறந்த தேதி, எல்லாம் அவ கையெழுத்துதான்.

இல்ல தம்பி, தப்பா எழுதல. நானும் அப்படித்தான் நெனச்சு ரப்பர் எடுத்துக் குடுத்துப் பாத்தேன். வாங்கிப் பெட்டியில வச்சுக்கிட்டா.

ஆமா, அதே பள்ளிக்கூடம்தான். ரெண்டாவது தெரு. தினம் வந்து போகலாம்னு ஒரு கட்டம், விடுதின்னு ஒரு கட்டம். அவ விடுதின்னு போட்டிருக்கா.