குமிழைத் திருப்பிய குர்ஷித் பாய்க்கு

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையின் வாகனப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து, இன்று பணி ஓய்வு பெறும் மூத்த மெக்கானிக் ஜனாப் குர்ஷித் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவகை பொங்க வாசித்தளிக்கும் மடல்.

பட்டறையின் பெருந்தகையே! பழுதுகளின் பகைவரே! பானட்டைத் திறக்கும் முன்பே பிணியைச் சொல்லும் நுண்செவியரே! வணக்கம்!

புகழ்ந்தால் எழுந்து போய்விடும் பழக்கம் உங்களுக்கு உண்டு. இன்று அது நடக்காது; கழுத்தில் மாலை ஜாஸ்தி, மேடைப் படியில் நாங்கள் நிற்கிறோம். விடியலில் ஊர் ஊராகச் சென்று எங்களை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்பதையும் ஓடவைத்தவர் நீங்கள். கேன்டீன் ஆரோக்கியமேரியின் கிரைண்டர் நின்றாலும் உங்களைத்தான் கூப்பிட்டோம். திட்டிக்கொண்டே வந்தீர்கள், ஆனால் வராமல் இருந்ததில்லை. அந்தத் திட்டுகளுக்கும் இம்மடலில் நன்றி தெரிவிக்கிறோம்!

எனினும், பணித்திறம் மிக்கவரே, உங்கள் பெருமையைச் சொல்ல எங்களுக்கு ஒரேயொரு வெள்ளைக் கார் போதும். உடல்நலம் குன்றிய தொழிலாளரை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் கார் அது. பதினான்கு ஆண்டுகளாக அதை ஓட்டுபவர் மாதனூர் ஜெயசீலன். சென்ற ஆண்டு மே மாதம் அவர் பட்ட பாட்டை இங்கே சொல்கிறோம். சொல்லியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவரே.

நீங்கள் மகள் திருமணத்துக்காகப் பன்னிரண்டு நாள் விடுப்பில் இருந்தீர்கள். காரின் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. வெளியில் ஒரு பட்டறையில் புதுக் குழாய் போட்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஊற்றித் தந்தார்கள். அன்று பிடித்தது சனி. ஆம்பூரில் கிளம்பும் கார், சரியாக மாதனூர் வந்ததும் கொதித்தது. மூடியை மாற்றினார்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். சூடு மட்டும் மாறவில்லை. சொந்த ஊர்க்காரர்கள் டீக்கடையில் நின்று வேடிக்கை பார்க்க, பானட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற ஜெயசீலனுக்கு உயிரே போய்விட்டது.

மேடையில் வீற்றிருக்கும் போக்குவரத்து மேலாளர் செல்வகுமார் அவர்கள் அப்போது சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

“வண்டியில கோளாறு இல்ல, ஓட்டுறதுலதான் கோளாறு. இன்னொரு தடவை சூடாச்சுன்னா சாவியக் குடுத்துட்டு லோடிங் செக்ஷனுக்குப் போய்டு.”

ஜெயசீலன் அன்று சாப்பிடவில்லை. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை அறியாத மனிதர் அவர்.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள், கையில் கல்யாண இனிப்புப் பெட்டியோடு. அதைக் கொடுத்துவிட்டு நேராகக் காருக்குப் போய், இன்ஜினை ஓடவிட்டுப் பானட்டுக்குள் கையை விட்டீர்கள். ஹீட்டருக்குப் போகும் இரண்டு சிறு குழாய்களையும் தொட்டுப் பார்த்தீர்கள். ஒன்று சுட்டது, மற்றொன்று சில்லென்றிருந்தது. உள்ளே ஏறி ஹீட்டர் குமிழைத் திருகினீர்கள். அது குளிருக்கான நீலப் பக்கத்தை விட்டுச் சூட்டுக்கான சிவப்புக்கு இம்மியும் அசையவில்லை. குனிந்து மோந்து பார்த்தீர்கள். காலணிக்கு அடிப்பாகம் ஒட்டும் சொல்யூஷன் வாடை! நம் ஊரில் யாருக்கு அது தெரியாது?

ஒட்டியவர் அருகிலேயே நின்ற ஜெயசீலன்தான். ஏப்ரலில் முன்சீட்டில் அமர்ந்த விருந்தாளி ஒருவர் ஏசி என்று நினைத்துக் குமிழைச் சிவப்புக்குத் திருப்ப, வேலூர் வரைக்கும் அத்தனை பேரும் வெந்தார்கள். இனி ஒருவரும் தொடக் கூடாதென்று நீலத்திலேயே ஒட்டிவிட்டார். இந்த வெயிலில் ஹீட்டர் எவனுக்கு வேண்டும்! ஹீட்டர் வழி அடைபட்டிருந்தால் கூலன்ட் மாற்றும்போது காற்று அங்கேயே சிக்கி, கூலன்ட் ஓட்டத்தைத் தடுத்து இன்ஜினைக் கொதிக்கவைக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

“ஏம்பா, நீயா ஒட்டுன?”

“ஆமா பாய்.”

“நல்லாத்தான் ஒட்டிருக்க. நம்ம ஷூவக் கூட இப்டி ஒட்ட மாட்டாங்க. கம்முனு உக்காரு, நான் பாத்துக்கறேன்.”

குறடு போட்டுத் திருகியதில் குமிழ் கையோடு வந்தது. இன்ஜின் குளிரும்வரை காத்திருந்து, முன்சக்கரங்களைச் சரிவில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குமிழ் இருந்த தண்டைக் குறடாலேயே திருகி ஹீட்டரைச் சூட்டின் கடைசி வரை வைத்துக் கூலன்ட்டை நிதானமாக ஊற்றி இன்ஜினை ஓடவிட்டீர்கள். குழாயைப் பிசையப் பிசைய, காற்று கொப்பளித்து வெளியேறியது. குறையக் குறைய ஊற்றினீர்கள். அக்னி நட்சத்திரத்து நண்பகலில் ஹீட்டர் காரில் வியர்த்து வழிந்த உங்கள் இருவரையும் பார்க்க ஆலையே திரண்டது.

“இன்னா பாய், வெயில் பத்தலியா?” என்று மோர் கொண்டுவந்தார் ஆரோக்கியமேரி.

பிறகு அவரையே பின்சீட்டில் ஏற்றி, முழங்கால் வலிக்கு மருத்துவமனையில் காட்ட, ஜெயசீலன் ஓட்டப் புறப்பட்டீர்கள். மாதனூர் நெருங்க நெருங்க ஜெயசீலன் சாலையை விட, சூட்டைக் காட்டும் முள்ளைத்தான் அதிகம் பார்த்தார். டீக்கடை வந்தது, போனது. முள் பாதியிலேயே நின்றது. பள்ளிகொண்டா தாண்டியதும் ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலைசாய்த்து அழுதார். நீங்கள் ஹாரனை அடித்து அவரை எழுப்பினீர்கள்.

வேலைச் சீட்டில் நீங்கள் எழுதியது, “காற்று அடைத்திருந்தது. எடுத்துவிட்டேன்.” அது எப்படிப் புகுந்தது என்று மேலாளர் கேட்டபோது, “காத்துதானே சார், எங்க வேணா பூரும்” என்றீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மூன்று முறை கிளம்பிய ஜெயசீலனைத் தடுத்து நிறுத்தினீர்கள். “நான் ரிட்டயர் ஆனப்புறம் சொல்லிக்கோ. அதுவரைக்கும் எனக்குப் பேஜார் வேணாம்.”

வாக்குத் தவறாதவரே! ஐந்தரை மணிக்கு நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். இப்போது மணி ஐந்தே முக்கால். மேலாளர் அவர்களே, ஒட்டியது ஜெயசீலன்! அந்தக் காரில் ஒரு குமிழ் மட்டும் ஏன் பழைய ஜீப்புடையதாக இருக்கிறது என்று நீங்கள் ஓராண்டாகக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கோபிப்பதானால் எங்கள் எல்லோரையும் சேர்த்துக் கோபியுங்கள்.

குளிர்ந்த மனத்தவரே! குடும்பத்தார் சூழ, குறையா நலத்தோடு, நூறாண்டு வாழ்க! எந்த வண்டி எங்கே நின்றாலும் நாங்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம், திட்டிக்கொண்டே வாருங்கள்!

இம்மடலின் சட்டத்தில், வலப்பக்க மூலையில், அன்று உங்கள் கையோடு வந்த அந்தக் கார்க் குமிழைப் பதித்திருக்கிறோம். அதே சொல்யூஷனால், ஜெயசீலன் கையாலேயே ஒட்டினோம். இம்முறை சிவப்புப் பக்கம் பார்க்க ஒட்டியிருக்கிறார்.

என்றும் உங்கள் அன்பில்,
ஜெயசீலன், ஆரோக்கியமேரி மற்றும்
தொழிற்சாலைப் பணியாளர்கள் அனைவரும்
ஆம்பூர்