லிட்டருக்குப் பதினாலு

பெட்ரோல் காரு வாங்குறவங்க யாருமே கம்பெனிக்காரன் குடுக்குற புஸ்தகத்தைப் படிக்கிறதில்லய்யா. நான் படிச்சேன். என் பேருல தப்புன்னு ஒண்ணு இருந்தா அது அங்கதான் ஆரம்பிக்குது.

நான் சிலமலை சுருளிவேல். கீழ கடலைக்காடும் தென்னையும், மேல போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருக்கு. எமர்ஜென்சி முடிஞ்ச மறு வருசம், போடியில ஏலக்காய் யாவாரம் பண்ற குத்புதீன் பாய்கிட்ட, அவரு ஓட்டிக்கிட்டிருந்த கறுப்புக் காரை வாங்கினேன். வண்டியோட சேத்து அந்தப் புஸ்தகத்தையும் குடுத்தாரு. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர்னு அதுல அச்சடிச்சிருந்துச்சு. "பதினாலு குடுக்குமா பாய்"னு கேட்டேன். "புஸ்தகம் குடுக்கும். வண்டி என்ன குடுக்கும்னு நீங்க ஓட்டிப் பாத்துக்கங்க"ன்னாரு. மனுசன் விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சுட்டேன்.

வண்டி எட்டு குடுத்துச்சு.

நான் வண்டியைக் குத்தம் சொல்லல. படிச்சவங்க உக்காந்து கணக்குப் போட்டு அச்சடிச்சது எப்படித் தப்பாகும்? அப்ப ஓட்டுறவன்கிட்டயும் ஏறுறவன்கிட்டயும்தான் கோளாறு இருக்கணும். ஸ்டெப்னியைக் கழட்டி மாட்டுக் கொட்டத்துல போட்டேன். ஜாக்கியை எடுத்து வச்சேன். பின்சீட்டைப் பேத்து வீட்டுக்குள்ள போட்டேன். விருந்தாளிங்க இப்ப அதுலதான் உக்காருறாங்க. என் சம்சாரம் அன்னக்கொடிக்குப் பொறந்த ஊரு ராசிங்காபுரம். அங்க ஒரு விசேசம்னா அவ பஸ்சுல போவா, நான் பின்னாலயே காருல போவேன். அதுல அவளுக்கு வருத்தம் இருந்துச்சுன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

எங்க தெரு மருதாயிக்கு இடுப்பு வலி எடுத்து, போடி ஆஸ்பத்திரிக்குக் காரு வேணும்னு வந்து நின்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல. மாமியார்க்காரி, சித்தி, குடம் தூக்க ஒரு ஆளுன்னு கூட்டம் ஏறப் பாத்துச்சு. பிள்ளை பெறப்போறது ஒருத்திதானே, அவ மட்டும் வரட்டும்னேன். ஆம்பளைப் பிள்ளை, நல்லபடியாப் பொறந்துச்சு. திரும்பும்போது ஒரு உருப்படி கூடுதலா ஆயிடுச்சுல்ல, அதனால பஸ்சுல வந்துரச் சொல்லிட்டேன்.

இவ்வளவு செஞ்சும் ஒம்பதைத் தாண்டல.

இதுல வேடிக்கை பாத்தவன் காசிமாயன். அன்னக்கொடிக்குக் கூடப்பொறந்த அண்ணன், எனக்கு மச்சான். தேக்குல செஞ்ச பீரோ மாதிரி ஆளு. ஏலக்காய் ஏலம் நடக்குற அன்னிக்கு நாலு ஊரு ஆளும் டீக்கடையில கூடுவாங்க. அங்க வச்சு, "மாப்ள காரு பெட்ரோலைக் குடிக்கல, அதுல குளிக்குது"ன்னு சொன்னான். நல்லாத்தான் சொன்னான், நானே சிரிச்சேன். ஆனா அதுக்கப்புறம் என் பேரு போயிடுச்சு. "பதினாலு வந்துட்டாரு, ஒரு டீ போடு"ம்பாங்க. எங்கய்யா செத்தப்ப அடிச்ச கருமாதிப் பத்திரிகையிலகூட எவனோ பேனாவால என் பேருக்கு முன்னாடி பதினாலுன்னு எழுதி வச்சுட்டான். ஒரு மனுசன் அப்பனுக்குக் கொள்ளி வச்சுட்டு வந்து அதைப் படிக்கணும்.

நான் கோவப்படல. ஒரு சோதனை வச்சுப் பாத்துருவோம்னேன். காசிமாயனே வழியும் சொன்னான். போடிமெட்டுக்கு ஏறி இறங்கணும். மலை ஏறினா வண்டிக்கு மூச்சு வாங்கும், மாப்ள மானம் போயிடும்னு அவன் கணக்கு. பங்க் வச்சிருக்குற ரசூல்தான் நடுவர். டேங்க் வாய் வரைக்கும் நிரப்பிட்டுக் கெளம்பணும், திரும்பி வந்து மறுபடி வாய் வரைக்கும் நிரப்பி, எவ்வளவு பிடிச்சுச்சுன்னு பாக்கணும். நடுவுல நான் எங்கயாச்சும் பெட்ரோல் ஊத்திடக் கூடாதுன்னு, போக வர காசிமாயன் வண்டிக்குள்ளயே இருக்கணும். எல்லாருக்கும் சம்மதம்.

காலையில கெளம்பினோம். முந்தல் தாண்டினதும் மலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் அவன் பெட்ரோல் முள்ளைப் பாத்துச் சிரிச்சான். ஏத்தத்துல குடிக்கத்தான் செய்யும். என் நம்பிக்கை இறக்கத்துல இருந்துச்சு.

மெட்டுல டீ குடிச்சோம். வண்டிகிட்ட வந்து பாத்தா, பின்சீட்டு இருந்த எடத்துல ஒரு மூட்டை கப்பக்கிழங்கு. மலையாளத்து ஆளுகிட்ட வாங்கி ஏத்திட்டான். "லோடு ஏத்தக் கூடாதுன்னு பேசலையே மாப்ளே"ன்னான். பேசலதான். பாரம் கூடினா இறக்கத்துல வண்டி தன்னால இன்னும் நல்லா ஓடும்னு அவனுக்குத் தெரியல. நானும் சொல்லல.

மெட்டை விட்டு எறங்க ஆரம்பிச்சதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைச்சேன். நியூட்ரல்ல விட்டேன். அந்த அமைதியை நீங்க கேக்கணும்யா. காத்து மட்டும்தான் சத்தம். கீழ போடி ஊரு தாம்பாளத்துல வச்ச மாதிரி தெரியுது. ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லாம ரெண்டு ஆளும் ஒரு மூட்டையும் மலையிறங்குறோம். சாமி கும்பிடுறப்பகூட எனக்கு அப்படி இருந்ததில்ல.

காசிமாயனுக்கு மொதல்ல புரியல. புரிஞ்சதும் முகம் மாறிடுச்சு. பாதி வழியில பிரேக்கு காஞ்சு ஒரு வாடை வந்துச்சு. மூட்டை பாரம்தான், வேற ஒண்ணுமில்ல. மிதிச்சா கொஞ்சம் உள்ள போயிப் பிடிச்சுச்சு, ஆனா பிடிச்சுச்சு.

"எஞ்சினைப் போடு மாப்ளே. கியருல விட்டு எறக்கு."

போட்டா பதினாலு வராதுன்னேன்.

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குய்யா"ன்னான். எனக்குந்தான் இருக்கு. அதை நான் சொல்லிக்காட்டல.

அவன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பப் பாத்தான். தட்டிவிட்டேன். அப்பத்தான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். "அணைச்சுப்போட்டு உருட்டுறதுக்குப் பேரு மைலேஜா? மாட்டு வண்டிகூடத்தான் இப்படி எறங்கும். ரசூல்கிட்டச் சொல்றேன் பாரு. டீக்கடையில ஒருத்தன் விடாமச் சொல்றேன்."

அவன் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். எதையும் மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல. அது அவன்கிட்ட எனக்குப் பிடிச்ச குணம்.

அடுத்த வளைவு வலப்பக்கம் திரும்புற வளைவு. அவன் உக்காந்திருந்த எடப்பக்கம் பள்ளம். வேகத்தைக் குறைச்சுத்தான் வந்தேன், அதுல நான் கவனமாத்தான் இருந்தேன். குனிஞ்சு அவன் பக்கத்துக் கதவுக் கைப்பிடியைத் திருப்பிவிட்டேன். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிச்சேன். ரோடே அப்படித்தான் போகுது, ஒடிக்காம இருக்க முடியாது. அவ்வளவு பெரிய ஆளு, போனது தெரியாமப் போயிட்டான். அடுத்த திருப்பத்துல கதவு தானா சாத்திக்கிச்சு.

நீங்க ஒண்ணு கேப்பீங்கன்னு தெரியும். ஆமா, கூப்பிட்டான். "மாப்ளே"ன்னு ரெண்டு தரம், கீழருந்து. வலியில கூப்பிட்ட மாதிரி இல்ல, எதையோ மறந்து வச்சுட்டுப் போனவனைக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. நின்னிருக்கலாம். நின்னா எஞ்சினைப் போடணும், அவனை ஏத்திக்கிட்டு அரையும் கொறையுமா ஒரு கணக்கைக் கொண்டுபோய் ரசூல்கிட்டக் காட்டணும். அவன் படுற பாட்டைவிட, அவன் சொல்லப்போறதுதான் எனக்கு அப்பப் பெருசாத் தெரிஞ்சுச்சு. போடி போனதும் யாரையாச்சும் அனுப்புவோம்னு நெனச்சேன். போனதும் சோலி நெறையா இருந்துச்சு.

முந்தல்ல வண்டி தானா நிக்குற எடத்துல நின்னுச்சு. அங்கதான் எஞ்சினைப் போட்டேன். பங்க்ல ரசூல் நிரப்பினாரு. பதினாலும் அதுக்கு மேல ஒரு புள்ளியும் வந்துச்சு. ரெண்டு தரம் கணக்குப் போட்டாரு. "காசிமாயன் அண்ணன் எங்க"ன்னாரு. மெட்டுலயே எறங்கிட்டான், எஸ்டேட்டுல யாரையோ பாக்கணுமாம், ஜீப்புல வருவான்னு சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பொய்தான் எனக்குக் கெடுதலாப் போச்சு.

மறுநாள் வெறகு பொறுக்கப் போனவங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க. பள்ளத்துலருந்து ரோட்டுப் பக்கமா ஊந்து ஏறியிருக்கான். இன்னும் ஒரு ஆளு உயரம்தான் பாக்கி. எஸ்டேட்டுல தண்ணியைப் போட்டுட்டு எறங்கி வந்தவன் சறுக்கிட்டான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க, உங்க ஸ்டேசன் ஆளுங்களும் அப்படித்தான் எழுதினாங்க. மச்சான் மொறைக்கு நான் எல்லாம் செஞ்சேன். பாடையில முன்கால் நான்தான் பிடிச்சேன். அந்தக் கப்பக்கிழங்கையும் வீணாக்கல, துக்கத்துக்கு வந்தவங்களுக்கு அவிச்சுப் போட்டோம். நல்ல கிழங்கு, மாவா இருந்துச்சு.

கருமாதி முடியட்டும்னு பொறுத்திருந்தேன். அதுக்குள்ள கேக்குறது நாகரிகம் இல்ல. அப்புறம் ஏலத்தன்னிக்கு டீக்கடையில பேச்சை எடுத்தேன். ரசூலே சொல்லுங்க, வந்துச்சா இல்லையான்னேன். ரசூல் மெதுவாத்தான் சொன்னாரு. "வந்துச்சுண்ணே. ஆனா ஆளு மெட்டுலயே எறங்கிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க. கூட வர்றவரு கடைசி வரைக்கும் இருக்கணும்னு பேச்சு. இது செல்லாதுண்ணே." எல்லாரும் தலையாட்டினாங்க. ஒருத்தன், செத்தவனையும் ஏமாத்தப் பாக்குறாரு பதினாலுன்னான். எழுந்து வந்துட்டேன்.

இன்னிக்குக் காலையில அன்னக்கொடிகிட்டச் சொன்னேன், ஸ்டேசனுக்குப் போறேன், இன்னதுக்குப் போறேன்னு. அவ அடுப்பை ஊதிக்கிட்டிருந்தா. ஊதுகுழலைக் கீழ வச்சா. அப்புறம், "அண்ணன் உன்னையக் கூப்பிட்டாரா"ன்னு கேட்டா. ரெண்டு தரம்னேன். எழுந்து, கட்டின சீலையோட ராசிங்காபுரத்துக்கு நடக்க ஆரம்பிச்சுட்டா. காருல கொண்டுபோய் விடுறேன்னேன். திரும்பிப் பாக்கல.

நான் வந்தது இதுக்குத்தான்யா. காசிமாயன் மெட்டுல எறங்கல. அது நான் சொன்ன பொய். இறக்கத்துல முக்காவாசி தூரம் அவன் என் பக்கத்துலதான் உக்காந்து வந்தான், முழுப் பாரத்தோட. மூட்டை பங்க் வரைக்கும் வந்துச்சு, அதுக்கு ரசூலே சாட்சி. கதவைத் திறந்துவிட்டுக் கொன்னது நான்தான். இதை நீங்க எழுதி, ரசூலைக் கூப்பிட்டு வச்சு வாசிச்சுக் காட்டணும். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போடுறேன்.

எஞ்சினை அணைச்சிருந்த விசயம் மட்டும் அதுல வேண்டாம்யா.