மச்சு பிச்சுவில் ஒரு மாலை

கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

"உயிரோட இருக்கிற மனுசன்ர படத்துக்கு மாலை போட்டிட்டான், அக்கா," என்றாள் இளையவள்.

"ஆர்?"

"என்ர மகன்தான். புற்றுநோய்க்காரருக்கு நிதி சேர்க்க எண்டு ஒரு கூட்டத்தோட பெருவுக்கு மலையேறப் போனவன். மச்சு பிச்சுவில, அந்த இன்கா இடிபாட்டுக்குப் பக்கத்தில, தேப்பன்ர படத்தை வைச்சு, பூ வாங்கி மாலை கட்டிப் போட்டிருக்கிறான்."

"விசரே அவனுக்கு?"

"இங்க வெளிநாட்டில பிறந்த பிள்ளை. வீட்டில செத்துப்போன அப்பப்பான்ர படத்தில மாலையைக் கண்டவன். அது மரியாதை எண்டு நினைச்சிட்டான். தேப்பனுக்குச் சுகம் வரட்டும் எண்டு கும்பிட்டவனாம். அதை வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பியும் போட்டான்."

"அவர் பார்த்திட்டாரே?"

"ஓம். நான் வார்டுக்குள்ள போகேக்க திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்."

"என்ன சொன்னவர்?"

இளையவள் கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதையும் எண்டவர். படம் வடிவா இருக்கு, பிறகு வேற படம் தேடாமல் இதையே வையும் எண்டவர்."